காரணமா, அடையாளமா? ஸ்டெம் செல் மாறும்போது மேட்ரிக்ஸ் புரதங்கள் செய்யும் வேலை

எம்.எஸ்ஸி. உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் மாணவி ஒருவரின் கேள்வி இது: "எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த மீசன்கைமல் ஸ்டெம் செல்களை எலும்புச் செல்லாகவோ குருத்தெலும்புச் செல்லாகவோ மாற்றும் ஆய்வுகளில், 21-ம் நாள் கொலாஜன் கூடியிருப்பதாக ஒரு படம் கட்டாயம் இருக்கிறது. செல் மாறிவிட்டது என்பதற்கு அந்தக் கொலாஜன் வெறும் அடையாளமா? இல்லை, செல்லை மாற்றுவதிலேயே அதற்குப் பங்கு உண்டா? என் புராஜெக்ட்டில் எந்தப் புரதத்தை எந்த நாளில் பார்ப்பது?"

நல்ல கேள்வி. இரண்டுமே உண்மை என்பதுதான் பதில். ஆனால் அதோடு நிறுத்தினால் உங்கள் புராஜெக்ட்டுக்கு ஒரு பயனும் இல்லை. செல் முதலில் ஒரு புரதத்தைத் தனக்கு வெளியே போடுகிறது. பிறகு, தான் போட்டதையே தொட்டுப் பார்த்து அடுத்த முடிவை எடுக்கிறது. அந்த முடிவின்படி வேறொரு புரதத்தைப் போடுகிறது. பழையதை அரித்து எடுக்கிறது. ஆகவே அப்படி வெளியே படியும் கொலாஜன் என்ற ஒரே புரதம் 5-ம் நாளில் விளைவாகவும் 8-ம் நாளில் காரணமாகவும் இருக்கலாம். 21-ம் நாளில் மட்டும் ஒரு படம் எடுத்தால் இந்த வரிசை முழுவதும் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று வைட்டமின் சி-யைச் சுற்றி நடந்த ஆய்வுகள். சுண்டெலியின் மண்டையோட்டு எலும்பிலிருந்து வந்த எம்சி3டி3-இ1 என்ற செல் வரிசை உண்டு. கறாராகச் சொன்னால் அது ஸ்டெம் செல் இல்லை, எலும்புச் செல் ஆவதற்கு ஒரு படி முன்னால் நிற்கும் முன்செல். அதை வைட்டமின் சி இல்லாத மீடியத்தில் (செல் வளர்க்கும் ஊட்டக் கரைசலில்) வளர்த்தால் பெருகும், தட்டை நிரப்பும், ஆரோக்கியமாகவே இருக்கும். எலும்புச் செல்லாக மட்டும் மாறாது. வைட்டமின் சி சேர்த்தால் முதலில் கொலாஜன் படிகிறது. அதற்கு அப்புறம்தான் அல்கலைன் பாஸ்ஃபடேஸ், ஆஸ்டியோகால்சின் போன்ற எலும்புச் செல்லின் அடையாளங்கள் தலைகாட்டுகின்றன.

வைட்டமின் சி நேரடியாக ஜீன்களைத் தூண்டுகிறதா, இல்லை கொலாஜன் வழியாகவா? 1990-களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரெனி ஃபிரான்செஸ்கியின் குழு இதைத்தான் துருவியது. வைட்டமின் சி-யைக் கொடுத்துவிட்டு, கொலாஜன் உருவாவதை மட்டும் வேறொரு வேதிப்பொருளால் தடுத்தார்கள். ஆஸ்டியோகால்சின் வரவில்லை. பிறகு கொலாஜனை உருவாக விட்டுவிட்டு, செல்லின் மேற்பரப்பில் இருந்து அதைப் பிடித்துக்கொள்ளும் ஆல்ஃபா-2 இன்டெக்ரின் என்ற ஏற்பியை எதிர்ப்பொருளால் மூடினார்கள். அப்போதும் செல் மாறவில்லை. இதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இனிமேல்தான். எலும்புச் செல்லாகும் வேலைக்குத் தலைமை தாங்கும் ரன்எக்ஸ்2 என்ற புரதம் அந்தச் செல்லுக்குள் ஏற்கெனவே இருந்தது. கொலாஜன் படிந்ததால் அதன் அளவு கூடவில்லை, அதன் செயல்திறன்தான் கூடியது. அதாவது ஆள் ஆரம்பத்திலிருந்தே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வெளியே கொலாஜன் படிந்து, இன்டெக்ரின் அதைத் தொட்ட பிறகுதான் கையெழுத்துப் போடுகிறார்.

வைட்டமின் சி-க்கும் கொலாஜனுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு. ஒவ்வோர் இழையிலும் மூன்றில் ஓர் இடத்தில் கிளைசின் இருந்தே ஆக வேண்டும். கயிற்றின் நடுவில் இருக்கும் இடம் அவ்வளவு குறுகலானது, கிளைசினைவிடப் பெரிய அமினோ அமிலம் எதுவும் அங்கே நுழையாது. இந்த மூவிழை அமைப்பை 1954, 1955-ல் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முன்வைத்தார்கள். கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ்-கதிரில் படம் எடுத்து, கணக்குப் போட்டுக் கண்டது அது. ஸ்டெம் செல் வகுப்பில் கொலாஜனைப் பற்றிப் பேசும்போது இதை ஒரு நிமிடமாவது சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். இந்த அமைப்பு புரிந்தால்தான் வைட்டமின் சி ஏன் வேண்டும் என்பதும் புரியும். இழையில் உள்ள புரோலின்களில் பலவற்றுக்கு ஒரு ஹைட்ராக்சில் சேர வேண்டும். அதைச் சேர்க்கும் என்சைம் ஓயாமல் வேலை செய்ய வைட்டமின் சி தேவை. ஹைட்ராக்சில் ஏறாத கொலாஜனின் முறுக்கு சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே அவிழ்ந்துவிடும். உடல் வெப்பமோ 37. வைட்டமின் சி குறைவால் ஸ்கர்வி நோய் வந்தவர்களுக்கு ஈறு கசிவதும் ஆறிய புண் மறுபடி திறப்பதும் இதனால்தான். தட்டில் இருக்கும் செல்லுக்கும் அதே கதிதான்: கொலாஜன் ஜீன் ஓடும், ஆர்என்ஏ நிறைய இருக்கும், வெளியே கயிறு இருக்காது.

சரி, மேட்ரிக்ஸ் என்று எதைச் சொல்கிறோம்? செல்கள் சுரந்து தமக்கு வெளியே கட்டிக்கொள்ளும் வலையை. அதில் கொலாஜன் ஒரு பெரிய குடும்பம், முதுகெலும்பிகளில் 28 வகை. எலும்பிலும் தோலிலும் தசைநாணிலும் 1-ம் வகை, குருத்தெலும்பில் 2-ம் வகை, செல் அடுக்குகளுக்கு அடியில் விரியும் மெல்லிய அடித்தளச் சவ்வில் 4-ம் வகை. அடித்தளச் சவ்வின் இன்னொரு தூண் லாமினின். செல்கள் ஊர்ந்து போகும் பாதைகளிலும், புதிதாகக் கட்டப்படும் திசுக்களிலும் ஃபைப்ரோநெக்டின் இருக்கும். இவற்றோடு அக்ரிக்கன், பெர்லிக்கன் போன்ற புரோட்டியோகிளைக்கன்கள் சர்க்கரைச் சங்கிலிகளைச் சுமந்துகொண்டு தண்ணீரை இழுத்து வைத்திருக்கும். டிஜிஎஃப்-பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணிகளும் இந்த வலையில் பூட்டப்பட்டுக் கிடக்கும், செல் இழுக்கும்போதோ என்சைம் வெட்டும்போதோ வெளியே வரும். எனவே மேட்ரிக்ஸைக் கட்டடத்தின் சுவர் மாதிரி நினைத்தால் பாதிதான் சரி. அதில் கிடங்கும் உண்டு.

செல் இதைத் தொடுவது இன்டெக்ரின் என்ற ஏற்பிகளால். பாலூட்டிகளில் 18 ஆல்ஃபா, 8 பீட்டா துண்டுகள் இணைந்து 24 வகை இன்டெக்ரின்கள் உருவாகின்றன. ஃபைப்ரோநெக்டினில் ஆர்ஜினின்-கிளைசின்-அஸ்பார்ட்டிக் அமிலம் என்ற மூன்றே அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து வரும் இடம்தான் கைப்பிடி. 1984-ல் பியர்ஷ்பாக்கரும் ரூஸ்லாட்டியும் அதைக் கண்டுபிடித்தார்கள். ஆர்ஜிடி என்று ஆய்வுக்கூடங்களில் சொல்வது இதைத்தான். இன்டெக்ரினின் வெளிமுனை மேட்ரிக்ஸைப் பிடித்திருக்க, உள்முனை செல்லின் உட்சட்டமான ஆக்டின் இழைகளோடு கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே வெளியே எந்தப் புரதம் இருக்கிறது என்ற செய்தியும், அது எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்ற செய்தியும் ஒரே கயிறு வழியாக உள்ளே போகின்றன.

கருவின் தொடக்கத்துக்கே போனால் இது இன்னும் அழகாகத் தெரியும். சுண்டெலியின் கரு ஸ்டெம் செல்களை ஒட்டவிடாமல் மீடியத்தில் மிதக்கவிட்டால் அவை உருண்டையாகத் திரளும். எம்பிரியாய்டு பாடி என்று பெயர். சில நாட்களில் உருண்டையின் வெளிப்பக்கச் செல்கள் எண்டோடெர்ம் என்ற அடுக்காகி, லாமினினையும் 4-ம் வகைக் கொலாஜனையும் சுரந்து, தமக்கு உட்புறமாக ஒரு மெல்லிய அடித்தளச் சவ்வை விரிக்கின்றன. அந்தச் சவ்வைத் தொடும் உள்செல்கள் நிமிர்ந்து நின்று, மேல்-கீழ் பார்த்து, எபிபிளாஸ்ட் என்ற ஒழுங்கான அடுக்காகின்றன. சவ்வைத் தொடாமல் நடுவில் மாட்டிக்கொண்ட செல்கள் செத்துப்போய் அங்கே ஒரு குழி விழுகிறது. இப்போது லாமினினின் காமா-1 சங்கிலிக்கான ஜீனை நீக்கிவிட்டால்? எண்டோடெர்ம் வருகிறது, சவ்வு வருவதில்லை. எபிபிளாஸ்ட் அடுக்கும் இல்லை, குழியும் இல்லை. அதே உருண்டைக்கு வெளியிலிருந்து லாமினினைக் கொடுத்தால் சவ்வு கூடுகிறது, அடுக்கு நிமிர்கிறது. ஒரு ஜீனும் திருத்தப்படவில்லை, புரதம் ஒன்று தொடும் இடத்தில் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். அந்த ஜீன் இல்லாத சுண்டெலிக் கரு, கருத்தரித்து ஐந்தரை நாளுக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை.

இனி நீங்கள் கேட்ட மீசன்கைமல் செல்களுக்கு வருவோம். குருத்தெலும்பை எடுத்துக்கொள்கிறேன். புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும் வரிசை அதில்தான் கண்ணெதிரே நடக்கிறது.

செய்முறை எளிது. 15 மில்லி கூம்பு டியூபில் சுமார் இரண்டரை லட்சம் செல்களைப் போட்டு, மெதுவாகச் சுழற்றி அடியில் படியவிட வேண்டும். மூடியை லேசாகத் தளர்த்தி இன்குபேட்டரில் நிறுத்த வேண்டும். மீடியத்தில் சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) கிடையாது. டிஜிஎஃப்-பீட்டா, டெக்ஸாமெத்தசோன், வைட்டமின் சி-யின் நிலையான வடிவம் ஆகியவை இருக்கும். முதல் நாள் பார்த்தால் அடியில் ஒரு வெள்ளைப் படலம், உப்புமா அடிப்பிடித்த மாதிரி. மறுநாள் விரலால் டியூபை ஒரு தட்டு தட்டினால் அந்தப் படலம் ஓரம் சுருண்டு எழுந்து, மூன்றாம் நாளுக்குள் ஜவ்வரிசி போல் உருண்டுவிடும். நான் முதல்முறை செய்தபோது உருண்டை எழும்பவில்லை என்று பதறி, பிப்பெட்டால் நெம்பிக் கிழித்துவிட்டேன். அது செல்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நெருங்கும் நேரம். நம் கை அங்கே வேண்டாம்.

அந்த நெருக்கம்தான் முதல் கட்டம். கை கால் உருவாகும் கருவிலும் குருத்தெலும்பு தோன்றும் முன் செல்கள் இப்படித்தான் திரள்கின்றன. அப்போது வெளியே இருப்பவை 1-ம் வகைக் கொலாஜனும் ஃபைப்ரோநெக்டினும். செல்லோடு செல்லை ஒட்ட என்-கேட்ஹெரின். இந்த நேரத்து ஃபைப்ரோநெக்டின் முக்கியம். அது இல்லாவிட்டால் திரள்வதே சரியாக நடக்காது. அப்புறம் சாக்ஸ்9 என்ற புரதம் ஏறுகிறது. அது 2-ம் வகைக் கொலாஜன் ஜீனையும் அக்ரிக்கன் ஜீனையும் நேரடியாகப் பிடித்து இயக்குகிறது. உருண்டை பளபளப்பாகி, தொட்டால் ரப்பர் போல் துள்ளத் தொடங்கும். டொலூடின் ப்ளூ சாயம் போட்டால் நீலத்துக்குப் பதில் ஊதா தெரியும். அக்ரிக்கனின் சர்க்கரைச் சங்கிலிகள் செறிந்திருப்பதன் அடையாளம் அது. 2-ம் வகைக் கொலாஜனிலேயே இரண்டு வடிவங்கள் உண்டு. முன்செல்கள் செய்வது ஏ வடிவம், முதிர்ந்த குருத்தெலும்புச் செல் செய்வது பி வடிவம். ஒரே ஜீன், வெட்டி ஒட்டும் விதம்தான் வேறு. ஃபைப்ரோநெக்டினும் அப்படித்தான். கோழிக்கருவின் கால்மொட்டில், திரளும் கட்டத்தில் இருக்கும் ஒரு துண்டு குருத்தெலும்பு உருவானதும் காணாமல் போகிறது. ஆகவே பெயரை மட்டும் பார்த்து "ஃபைப்ரோநெக்டின் இருக்கிறது" என்று எழுதினால் எந்த ஃபைப்ரோநெக்டின் என்ற கேள்வி மிச்சம் இருக்கும்.

இங்கே பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. ஒரு புரதம் வருவது எவ்வளவு முக்கியமோ, அது நேரத்தில் விலகுவதும் அவ்வளவு முக்கியம். 2008-ல் கொலராடோவில் சலினாஸும் ஆன்செத்தும் செய்த சோதனையைப் பாருங்கள். செல்லால் தொட முடியாத பாலிஎத்திலீன் கிளைக்கால் ஜெல்லுக்குள் மனித மீசன்கைமல் செல்களை வைத்து, பிடித்துக்கொள்ள ஆர்ஜிடி கைப்பிடிகளை மட்டும் தொங்கவிட்டார்கள். ஒரு ஜெல்லில் கைப்பிடி நிரந்தரம். இன்னொன்றில், குருத்தெலும்பாகும் செல் தானே சுரக்கும் எம்எம்பி-13 என்சைம் வெட்டினால் கைப்பிடி கழன்றுவிடும். கழலும் ஜெல்லில்தான் குருத்தெலும்பு நன்றாக உருவானது. தொடக்கத்தில் பிடி வேண்டும், பிறகு அதே பிடி முட்டுக்கட்டை. திசுப் பொறியியலில் "ஒட்டும் புரதம் அதிகமாகப் பூசினால் நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டு செய்பவர்கள் இந்த ஒரு சோதனையையாவது படிக்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

அடுத்து 10-ம் வகைக் கொலாஜன். வளரும் எலும்பின் நுனித்தட்டில் குருத்தெலும்புச் செல் பருத்து, எலும்புக்கு இடம்விட்டு ஒதுங்கும் கட்டத்தில் வரும் புரதம் இது. மூட்டின் மேல் படிந்திருக்கும் நிலையான குருத்தெலும்பில் இது கிட்டத்தட்ட இருக்கக் கூடாது. ஆனால் மஜ்ஜைச் செல்லில் செய்த நம் உருண்டையில் சில நாட்களிலேயே 10-ம் வகையின் ஆர்என்ஏ ஏறிவிடுகிறது, சில சமயம் 2-ம் வகை வருவதற்கும் முன்னால். அத்தகைய உருண்டைகளைச் சுண்டெலியின் தோலுக்கடியில் வைத்தபோது சுண்ணாம்பு படிந்தது. மூட்டுக் குருத்தெலும்புச் செல்லிலிருந்து செய்த உருண்டைகளில் அது நடக்கவில்லை. முழங்கால் தேய்மானத்துக்கு ஸ்டெம் செல் ஊசி என்று விளம்பரம் செய்பவர்கள் "குருத்தெலும்பு வளரும்" என்கிறார்களே, எந்தக் கொலாஜன் உள்ள குருத்தெலும்பு என்று கேட்பதற்கு இதுதான் காரணம். நோயாளியின் காசும் நம்பிக்கையும் சம்பந்தப்பட்ட விஷயம் இது. உங்கள் புராஜெக்ட்டில் 2-ம் வகையைக் காட்டினால் பக்கத்திலேயே 10-ம் வகையையும் காட்டுங்கள்.

கொழுப்புச் செல்லாக மாறும்போது கதை தலைகீழ். தட்டையாகப் படர்ந்திருக்கும் முன்செல் உருண்டையாக வேண்டும். ஃபைப்ரோநெக்டின் அதை விரித்துப் பிடித்து வைத்திருப்பதால் மாற்றம் தடைபடும். 1983-லேயே ஸ்பீகல்மனும் கின்ட்டியும் 3டி3 என்ற சுண்டெலிச் செல்களில் இதைக் காட்டினார்கள். மாற்றம் முன்னேறும்போது ஃபைப்ரோநெக்டின் குறைந்து, லாமினினும் 4-ம் வகைக் கொலாஜனும் கூடி ஒவ்வொரு கொழுப்புச் செல்லைச் சுற்றியும் அடித்தளச் சவ்வு உருவாகிறது. 2004-ல் மெக்பெத், கிறிஸ்டோபர் சென் ஆகியோரின் குழு இன்னும் ஒரு படி போனது. ஒட்டும் புரதத்தைச் சின்னச் சின்னத் தீவுகளாக அச்சடித்து, ஒரு தீவுக்கு ஒரு மனித மீசன்கைமல் செல்லை உட்காரவைத்தார்கள். எல்லாத் தீவுக்கும் ஒரே மீடியம். சுமார் 1,000 சதுர மைக்ரான் தீவில் குறுகி உட்கார்ந்த செல்கள் கொழுப்புச் செல்லாயின. 10,000 சதுர மைக்ரான் தீவில் கால் நீட்டிப் படுத்தவை எலும்புச் செல்லாயின. புரதமும் ஒன்று, மருந்தும் ஒன்று. படர எவ்வளவு இடம் கிடைத்தது என்பதே முடிவை மாற்றியது.

விறைப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 2006-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆடம் எங்லரும் டென்னிஸ் டிஷரும் 1-ம் வகைக் கொலாஜன் பூசிய பாலிஅக்ரிலமைடு ஜெல்களில் மீசன்கைமல் செல்களை வளர்த்தார்கள். பூச்சு ஒன்றே, ஜெல்லின் விறைப்பு மட்டும் வேறு. 0.1 முதல் 1 கிலோபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு) வரை, அதாவது மூளை அளவு மென்மையில், நரம்புச் செல்லின் சாயல். 8 முதல் 17 வரை, தசையின் அளவில், தசைச் சாயல். 25 முதல் 40 வரை, இன்னும் சுண்ணாம்பு ஏறாத இளம் எலும்பின் அளவில், எலும்புச் சாயல். செல்லின் இழுவிசைக்குக் காரணமான மயோசினைத் தடுத்தால் இந்த வேறுபாடு மறைந்தது. "சாயல்" என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். மென்மையான ஜெல்லில் கிளைவிட்ட செல்கள் நரம்பு அடையாளப் புரதங்களைக் காட்டின, அதை வைத்து மஜ்ஜைச் செல் நரம்பு ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. 2011-ல் பாதுவா நகரில் ஸ்டெஃபானோ பிக்கோலோவின் குழு இந்த விறைப்புச் செய்தியைச் செல்லின் உட்கருவுக்குள் கொண்டுபோகும் தூதர்களாக யாப், டாஸ் என்ற புரதங்களைக் காட்டியது. விறைப்பான தளத்தில் அவை செல்லின் உட்கருவுக்குள் போகின்றன. மென்மையான தளத்தில் வெளியே நிற்கின்றன. இதற்கு மறுப்பும் வந்தது: 2012-ல் இன்னொரு குழு, ஜெல்லின் துளைகள் பெரிதானால் கொலாஜன் தளத்தோடு தளர்வாகக் கட்டப்படுகிறது, செல் உணர்வது அந்தத் தளர்வைத்தான் என்றது. 2014-ல் எங்லரின் ஆய்வகம் அதற்குப் பதில் சோதனை செய்து விறைப்பே காரணம் என்றது. இந்த விவாதத்தை முழுவதும் படியுங்கள். கொலாஜன் என்ற பெயர் போதாது, அது எதில், எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும் என்பது அதில் நன்றாகப் புரியும். நாம் எல்லோரும் செல் வளர்க்கும் பாலிஸ்டைரீன் தட்டின் விறைப்பு கிலோபாஸ்கலில் இல்லை, கிகாபாஸ்கலில். உடம்பில் எந்த மென்திசுவும் அதன் பக்கத்தில்கூட வராது.

தட்டில் பூசும் புரதங்களைப் பற்றியும் கொஞ்சம். 1998-ல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கரு ஸ்டெம் செல்லை முதலில் வளர்த்தபோது, அடியில் சுண்டெலியின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை விரிப்பாகப் போட்டார். 2001-ல் அந்த விரிப்புக்குப் பதில் மேட்ரிஜெல்லும், அந்த ஃபைப்ரோபிளாஸ்ட்கள் வளர்ந்த மீடியமும் போதும் என்று தெரிந்தது. மேட்ரிஜெல் என்பது சுண்டெலியின் ஒரு வகைக் கட்டியிலிருந்து எடுக்கும் சாறு. லாமினின்-111 பெரும்பங்கு, கூடவே 4-ம் வகைக் கொலாஜன், நிடோஜன், பெர்லிக்கன், ஒட்டிக்கொண்டு வரும் வளர்ச்சிக் காரணிகள். ஐஸில் இருக்கும்வரை தேன் மாதிரி ஓடும், சற்றுச் சூடானால் உறையும். ராத்திரி முழுக்க 4 டிகிரியில் கரையவிட்டு, பிப்பெட் டிப்பையும் டியூபையும் ஃப்ரீசரில் வைத்துக் குளிர்வித்துத்தான் தொட வேண்டும். டிப்பை மேஜையிலிருந்து எடுத்துவிட்டேன் என்றால் நுனியிலேயே உறைந்து, தட்டின் ஒரு பாதியில் கட்டியாகவும் மறுபாதியில் ஒன்றுமில்லாமலும் விழும். இரண்டு பாதியிலும் செல்கள் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். எனக்கு இது நடந்திருக்கிறது. மூன்று வார வேலை போனது.

கட்டியின் சாறு என்பதால் ஒவ்வொரு தயாரிப்பிலும் சேர்மானம் சற்று மாறும். நோயாளிக்குக் கொடுக்கும் செல்லை அதில் வளர்ப்பதில் யாருக்கும் மனம் ஒப்பாது. அதனால்தான் தனிப்புரதங்களுக்குப் போனார்கள். விட்ரோநெக்டின் என்ற ஒட்டும் புரதத்தின் ஒரு துண்டு, லாமினின்-511-ன் இ8 என்ற துண்டு, ஸ்டாக்ஹோமில் கார்ல் டிரிக்வாசனின் குழு கொண்டுவந்த லாமினின்-521. எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்: ஆல்ஃபா-5, பீட்டா-2, காமா-1 சங்கிலிகள் சேர்ந்தது, அவ்வளவுதான். இந்த லாமினின்களை ஸ்டெம் செல் பிடிப்பது ஆல்ஃபா-6 பீட்டா-1 இன்டெக்ரினால். விட்ரோநெக்டினைப் பிடிப்பது ஆல்ஃபா-வி பீட்டா-5 வழியாக. வெவ்வேறு கைப்பிடி என்பதால் ஒன்றில் நன்றாக நடந்த, செல்லை மாற்றும் செய்முறை இன்னொன்றில் அப்படியே நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பூச்சை மாற்றினால் செல் எண்ணிக்கையையும் நாட்களையும் மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இயற்கையின் மேட்ரிக்ஸை அப்படியே எடுத்துப் பயன்படுத்தும் சிகிச்சையும் நம் நாட்டிலேயே நடக்கிறது. ரசாயனம் பட்டு விழிவெண்படல ஓரத்தின் ஸ்டெம் செல்களை இழந்தவர்களுக்கு, மற்றக் கண்ணிலிருந்து ஒரு துளி திசுவை எடுத்து, மகப்பேற்றின்போது கிடைக்கும் பனிக்குடச் சவ்வின் மேல் வளர்த்துப் பொருத்துகிறார்கள். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் இதைத் தொடங்கியது. அந்தச் சவ்வில் லாமினினும் 4-ம் வகைக் கொலாஜனும் ஏற்கெனவே விரிந்திருக்கின்றன. கண்ணின் செல்லுக்கு அது அந்நிய இடம் இல்லை.

இனி உங்கள் புராஜெக்ட். முதலில் எதைத் தவிர்ப்பது என்று சொல்கிறேன். 1-ம் வகைக் கொலாஜனின் ஆர்என்ஏ கூடியது என்பதை எலும்புச் செல்லாக மாறியதற்குச் சான்றாக வைக்காதீர்கள். மாறாத மீசன்கைமல் செல்லே அதை ஏராளமாகச் செய்யும். ஆர்என்ஏ இருந்தாலும் வெளியே இழை படிந்ததா என்பது தனிக்கேள்வி. செல்லிலிருந்து வெளிவரும் புரோகொலாஜன் என்ற முன்வடிவம், நீர்த்த மீடியத்தில் இரு முனையும் வெட்டுப்படாமல் அப்படியே மிதந்து, மீடியம் மாற்றும்போது சிங்குக்குப் போய்விடும். ஃபிக்கால் மாதிரி பெரிய மூலக்கூறுகளை மீடியத்தில் சேர்த்து நெரிசல் உண்டாக்கினால் வெட்டும் வேலை வேகமாகி, படிவது பல மடங்கு கூடும். எனவே செல் அடுக்கையும் மீடியத்தையும் தனித்தனியாக அளவிடுங்கள். ஹைட்ராக்சிபுரோலின் (ஹைட்ராக்சில் ஏறிய புரோலின்) அளவு மொத்தக் கொலாஜனைச் சொல்லும், வகையைச் சொல்லாது. வகைக்கு எதிர்ப்பொருள்தான் வேண்டும்.

மீடியத்தின் பாட்டிலையும் ஒருமுறை திருப்பிப் படியுங்கள். ஆல்ஃபா-எம்இஎம் மீடியத்தில் வைட்டமின் சி ஏற்கெனவே இருக்கிறது, டிஎம்இஎம்-ல் கிடையாது. இரண்டையும் கலந்து பயன்படுத்தும் ஆய்வுக்கூடத்தில் "கட்டுப்பாட்டுக் குழுவும் கொஞ்சம் மாறிவிட்டது" என்று குழம்புவார்கள். சாதாரண வைட்டமின் சி 37 டிகிரியில் ஒரு நாளுக்குள் பெருமளவு சிதைந்துவிடும், பாஸ்பேட் சேர்ந்த வடிவத்தை வாங்குங்கள். அப்புறம் சீரம். அதில் ஃபைப்ரோநெக்டினும் விட்ரோநெக்டினும் தாராளமாக உண்டு. நீங்கள் தட்டில் ஒன்றுமே பூசாவிட்டாலும் சில நிமிடங்களில் அவை படிந்துவிடும். "பூசாத தட்டு" என்று எழுதுவது உண்மையில் "சீரம் பூசிய தட்டு".

நாட்களைப் பொறுத்தவரை, குருத்தெலும்பு என்றால் 1, 3, 7, 14, 21. முதல் இரண்டில் ஃபைப்ரோநெக்டினும் என்-கேட்ஹெரினும், 7-ல் சாக்ஸ்9, 2-ம் வகை, அக்ரிக்கன், 14-லும் 21-லும் 2-ம் வகையோடு 10-ம் வகை, எம்எம்பி-13. எலும்பு என்றால் 3-ம் நாளிலும் 7-ம் நாளிலும் படிந்த கொலாஜன், 7 முதல் 14 வரை அல்கலைன் பாஸ்ஃபடேஸ், 14-க்குப் பிறகு ஆஸ்டியோபான்டின், ஆஸ்டியோகால்சின், கடைசியில், படிந்த சுண்ணாம்பைக் காட்டும் அலிசரின் சிவப்புச் சாயம். இந்த நாட்கள் செல் கொடுத்தவரைப் பொறுத்து முன்பின் ஆகும். குறைந்தது மூன்று பேரின் செல்களில் பாருங்கள்.

காரணமா அடையாளமா என்பதை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. மூன்று தட்டுகளில் எலும்புச் செல்லாக்கும் மீடியத்தை ஊற்றி 7, 14, 21 நாட்கள் வளர்த்து, டிரைட்டன் என்ற சோப்புப் பொருளும் அம்மோனியம் ஹைட்ராக்சைடும் கலந்த நீர்த்த கரைசலால் செல்களை மட்டும் கரைத்துவிடுங்கள். டிஎன்ஏ-வை அதற்கான என்சைமால் கழுவுங்கள். தட்டில் மிஞ்சுவது வெறும் மேட்ரிக்ஸ், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி தெரியும். அதன் மேல் மாறாத புதுச் செல்களைச் சாதாரண மீடியத்தில், தூண்டும் மருந்து எதுவும் இல்லாமல் விதையுங்கள். நான்காவது தட்டு, மாறாத செல்கள் போட்ட மேட்ரிக்ஸ், அது ஒப்பீட்டுக்கு. வலையில் பூட்டிக்கிடக்கும் டிஜிஎஃப்-பீட்டா வேலை செய்கிறதா, புரதமே வேலை செய்கிறதா என்று பிரிக்க, ஒரு தொகுதியில் அதன் ஏற்பியைத் தடுக்கும் எஸ்பி-431542 என்ற வேதிப்பொருளைச் சேர்த்துவிடுங்கள். இன்னொரு தொகுதியில் ஆல்ஃபா-2 இன்டெக்ரினை எதிர்ப்பொருளால் மூடுங்கள். புதுச் செல்களில் அல்கலைன் பாஸ்ஃபடேஸ் எந்த நாளின் மேட்ரிக்ஸில் முதலில் ஏறுகிறது, எந்தத் தடையில் இறங்குகிறது என்று பாருங்கள். சுண்ணாம்பு ஏறிய 21-ம் நாள் தட்டில் சாயம் போட்டால் பழைய படிவும் சேர்ந்தே சிவக்கும். அதனால் அந்தத் தட்டில் அலிசரினை நம்பாமல், புதுச் செல்லின் ஆர்என்ஏ-வை எடுத்து அளவிடுங்கள்.